ஏட்டில் ஏறாத வீர மரணங்கள்

மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் எழுதி வைக்கும் வழக்கத்தைத் தமிழர் எவரிடமிருந்தும் கடன் பெற்றதில்லை. போரில் பட்டவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பெருமையும் பொறித்து நாட்டும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையிலேயே வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைப் பார்த்தோர் ஒன்றை உணர்வர். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, மாண்டவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, எந்த ஊரின் ஆநிரையை மீட்கையில் பட்டான் என்ற செய்திகள் அக்கற்களில் சில வரிகளுக்குள் அடங்கியுள்ளன. இன்றைய இராணுவ அலுவலகம் ஒன்று ஒரு வீரனின் மரணத்தைக் குறிக்கும் படிவத்தில் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவையே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மாடு மீட்கப் போய் மாண்டவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு நம் தோட்டங்களிலிருந்து துப்பாக்கி ஏந்திப் புறப்பட்டுப் போன இளைஞர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? இக்கட்டுரை எழுவதற்கு இக்கேள்வியே காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். சாமிப் படங்களுக்குச் சற்று விலகி, மங்கிப்போன ஒரு நிழற்படம் சுவரில் தொங்கியது. காக்கி உடை தரித்த இளைஞர் ஒருவர் அதில் விறைப்பாக நின்றிருந்தார். அந்தப் படத்திற்கு மாலை இல்லை, பொட்டும் இல்லை. அந்த அம்மையார் மட்டும் தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தார். "தாத்தாவுக்கு எப்போது திதி கொடுக்கிறீர்கள், பாட்டி?" என்று அறியாமையால் கேட்டுவிட்டேன். "தேதி தெரிஞ்சா திதி குடுத்திருக்க மாட்டேனா, தம்பி?" என்றார் அவர். வேறெதுவும் அவர் சொல்லவில்லை. நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை; இறந்தார் என்று எவரும் எழுதி அனுப்பவுமில்லை. எந்த நாட்டு அரசாங்கத்தின் எந்த ஏட்டிலும் அவர் சாகவில்லை. ஆகவே அந்த வீட்டிலும் அவர் சாகவில்லை.

மரணப் பதிவு என்பது அலுவலகத்துக் குமாஸ்தாவின் வேலை என்றுதான் அதுவரை நான் எண்ணியிருந்தேன். அது ஒரு பெண்ணின் நெற்றியையும் கழுத்தையும் தொடும் செய்தி என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பதிவான மரணங்கள்

ஒரு படைவீரனின் மரணம் எப்படிப் பதிவாகிறது என்பதை முதலில் காண்போம். ஒழுங்கான இராணுவம் ஒன்றில் சேரும் நாளிலேயே வீரனுக்கு ஓர் எண் தரப்படுகிறது. அவனுடைய தகப்பன் பெயர், கிராமம், நெருங்கிய உறவினர் ஆகிய விவரங்கள் குறிக்கப்படுகின்றன. அவன் போர்க்களத்தில் வீழ்ந்தால் அவனுடைய பிரிவு அச்செய்தியை மேலே அனுப்புகிறது. ஆவண அலுவலகம் அதை ஏட்டில் ஏற்றிக் குடும்பத்துக்குத் தெரிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கொண்டே விதவைக்கு ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. இறுதியாக அப்பெயர் கல்லறைக் காப்பகத்துக்குச் சென்று சேர்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அவன் 'காணாமற்போனவன்' ஆகிவிடுகிறான்.

முதலாம் உலகப் போரின் பேரழிவுக்கு நடுவே, 1917-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், பேபியன் வேர் என்பவரின் முயற்சியால் லண்டனில் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அரச சாசனத்தின் வழி நிறுவப்பட்டது. 1960-ஆம் ஆண்டு முதல் அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என வழங்குகிறது. பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடின்றி ஒவ்வொருவரும் தம் பெயராலேயே நினைவுகூரப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. இரு போர்களிலும் மாண்ட ஏறத்தாழ 17 இலட்சம் பேர் அதன் ஏடுகளில் உள்ளனர்.

நம் நாட்டில் தைப்பிங் போர்க் கல்லறை இதற்கு நல்ல சான்றாகும். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கினர். சிலிம் ஆற்றங்கரையில் இந்தியப் படைப்பிரிவு சிதறுண்டது 1942 ஜனவரி 7-இல். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பின்வாங்கும் வழியெங்கும் இரப்பர்க் காடுகளிலும் சாலையோரங்களிலும் அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டோரைப் போர் முடிந்த பின் இந்திய இராணுவத்தினர் தேடியெடுத்துத் தைப்பிங்கில் ஓரிடத்தில் அடக்கம் செய்தனர். அங்குள்ள 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் 500-க்கும் மேற்பட்டவை இன்னாருடையவை என்று அறியப்படாதவை. ஒரு சாலை அக்கல்லறையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் கிறிஸ்தவர், மறுபுறம் இந்துக்கள், இஸ்லாமியர், கூர்க்கர் ஆகியோர். கல்லறையே இல்லாதவர்களுக்கெனச் சிங்கப்பூரின் கிராஞ்சியில் 1957-ஆம் ஆண்டு நினைவுச் சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கும் அங்கே தனியிடம் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

இவ்வளவு கட்டுக்கோப்பான ஏட்டுக்கும் எல்லைகள் உண்டு. இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை நேர்ந்த மரணங்களே ஆணையத்தின் கணக்கில் சேரும். போரில் பட்ட புண்ணால் 1948-ஆம் ஆண்டுப் பொங்கலன்று ஒருவன் இறந்திருந்தால் அவன் போரில் மாண்டவன் ஆகமாட்டான். மரணத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, ஏட்டுக்கு உண்டு.

அதற்கும் மேலான குறை ஒன்று 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்டது. ஆணையமே அமைத்த சிறப்புக் குழு தன் ஆய்வின் முடிவை வெளியிட்டது. முதலாம் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் குறிக்கப்படவேயில்லை என்றும் அக்குழு கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. எல்லோரும் சமம் என்ற கொள்கை தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தும், வெள்ளையரல்லாதார் கூட்டமாகவும் எண்ணிக்கையாகவும் மட்டுமே கருதப்பட்ட இடங்கள் பல என்பதை நூறாண்டு கழித்து அந்த ஏடே ஒப்புக்கொண்டது.

பேரரசுக்காக மாண்டவர்களின் நிலையே இது. பேரரசை எதிர்த்து மாண்டவர்களின் கதி என்னவாயிருக்கும்?

பெயரில்லாப் படை

மலாயாத் தமிழர் இந்திய தேசிய இராணுவத்தில் திரண்டதற்கு நேதாஜியின் சொல்வன்மை மட்டுமே காரணமன்று. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலை நிறுத்தத்தை நினைவிற்கொள்ள வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்கக் கேட்டார்கள். ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டாண்டு கழித்து, 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து படையின் தலைமையை ஏற்றபோது, தலைநிமிர்ந்து நிற்கும் வாய்ப்பு ஒன்றைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞர் கண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. அதில் தோட்டத்துப் பெண்களும் நகரத்துப் பெண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பழைய எண்ணும் பழைய ஏடும் இருந்தன. போருக்குப் பின் ஆங்கிலேயர் அவர்களைக் கறுப்பு, சாம்பல், வெள்ளை என வகைபிரித்து விசாரித்தனர். பலர் பணிநீக்கமும் ஊதிய இழப்பும் அடைந்தனர். தண்டிப்பதற்காகவேனும் அவர்கள் பெயர்கள் எழுதப்பட்டன. மலாயாவிலிருந்து சேர்ந்த பொதுமக்களோ எந்த அரசின் ஏட்டிலும் முன்பு இருந்தவர்கள் அல்லர். அடையாள அட்டை நம் நாட்டில் வந்ததே அவசரகாலம் தொடங்கிய 1948-ஆம் ஆண்டில்தான். தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் 'ஆள்' என்று இருந்தவன், ஒருநாள் பிரட்டுக்கு வரவில்லை; கிராணி அவன் பெயரை அடித்துவிட்டார். அவ்வளவுதான் அவனைப் பற்றிய கடைசி எழுத்து.

அப்படையின் ஆவணங்களிலும் இடர்ப்பாடு இருந்தது. படையின் பொதுமொழி உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி. முனியாண்டியும் இராமசாமியும் வடநாட்டு எழுத்தரின் காதில் விழுந்தபடியெல்லாம் உருமாறினர். தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் இல்லாமல் எந்த இராமசாமி எந்த இராமசாமி என்று எவரால் சொல்ல முடியும்? ஆட்சியாண்டும் மாறியிருந்தது. ஜப்பானியர் தம் பேரரசின் ஆண்டுக்கணக்கையே இங்கு நடைமுறைப்படுத்தினர். 1943 என்பது அவர்கள் தாளில் 2603. கடிகாரமும் தோக்கியோ நேரத்தைக் காட்டியது. செங்கத்துக் கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டைப் படித்துக் காலம் கணிக்கும் புலவரைப்போல நாம் இத்தாள்களையும் படிக்க வேண்டியிருக்கிறது.

1944-இல் இம்பால் முனையிலிருந்து பின்வாங்கியபோது குண்டுக்குப் பலியானோரோடு பசிக்கும், மலேரியாவுக்கும், வயிற்றுக்கடுப்புக்கும் பலியானோரும் பலர். காலாட்படை கால்நடையாய்த் திரும்பும் மழைக்காலத்தில் ஏடுகளைச் சுமப்பவர் யார்? உடன் வந்த தோழனே ஏடு. அவனும் விழுந்துவிட்டால் அந்த ஏடும் போயிற்று. ஜான்சி ராணிப் படையினர் 1945-இல் பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் இரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் உயிர்நீத்தனர். அவர்கள் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், கூட இருந்த பெண்கள் உயிரோடு மலாயா வந்து சேர்ந்து சொன்னதுதான்.

மாறாக ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். பினாங்கில் பயிற்சி பெற்று இரகசியப் பணிக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர், 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் மாண்ட நாளில் எவருக்கும் ஐயமில்லை. அரசு தான் கொன்றவர்களின் கணக்கைத் தவறாமல் எழுதி வைக்கிறது. தனக்கெதிராகக் காட்டில் மாண்டவனின் கணக்கை எழுத அதற்குத் தேவை இல்லை.

1945 ஜூலை 8-ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் மாண்ட தன் வீரர்களுக்கு நினைவுத்தூண் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். பெயர் அறியப்படாத வீரனுக்கான சின்னம் அது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்படும் மூன்று சொற்கள் அதில் இருந்தன. ஆங்கிலேயர் திரும்பி வந்தவுடன், செப்டம்பரிலேயே, அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏட்டில் பெயரில்லாதவனுக்குக் கல்லும் இல்லாமற் போயிற்று. அவ்விடத்தைக் குறிக்கும் பலகை ஒன்றைச் சிங்கப்பூர் அரசு வைப்பதற்கு 1995 வரை ஐம்பதாண்டு காலம் பிடித்தது.

தலைவனின் மரணமும் தொண்டனின் மரணமும்

மரணம் முறையாகப் பதிவாகாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அப்படையின் தலைவரே சான்றாகிவிட்டார். 1945 ஆகஸ்ட் 18-ஆம் நாள் தைப்பேயில் விமான விபத்தில் நேதாஜி மாண்டார் என்ற செய்தியைப் பலர் ஏற்கவில்லை. 1956-இல் ஷா நவாஸ் கான் தலைமையில் ஒரு குழு, 1970-இல் கோஸ்லா ஆணையம், 1999-இல் முகர்ஜி ஆணையம் என மூன்று முறை இந்திய அரசு விசாரித்தது. முதற்குழுவின் உறுப்பினராயிருந்த நேதாஜியின் தமையனாரே அதன் முடிவோடு உடன்படவில்லை. முகர்ஜி ஆணையத்தின் முடிவை இந்திய அரசு ஏற்கவில்லை.

ஒரு மனிதரின் மரணத்துக்கு மூன்று விசாரணைகள். அவரை நம்பிப் போன கிள்ளான் இளைஞனின் மரணத்துக்கு ஒன்றும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர் தலைவர். ஆயினும் தலைவர் திரும்பி வருவார் என்று வங்காளம் காத்திருந்ததைப் போலவே, ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு பெண்ணும் காத்திருந்தாள் என்பதை வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது.

அவளுக்குச் சட்டம் தந்தது என்ன? மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி ஏழாண்டு காலம், அறிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒரு செய்தியும் கிட்டவில்லையாயின், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்வோரே அதை மெய்ப்பிக்க வேண்டும். வழக்காடும் வசதி உள்ளவர்க்கு இது வழி. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவிப்பவளுக்கு இச்சட்டம் விடை சொல்லாது. நம் முன்னோர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தனர். திதி தெரியாதவர்க்கு மகாளய அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கலாம். கிள்ளான் ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் அந்த நாளில் கூடுவோர் சிலருடைய வாயில் வரும் பெயர்கள், எந்த அரசாங்க ஏட்டிலும் இல்லாதவை. புரோகிதர் முன் சொல்லப்படும் அப்பெயரே அவ்வீரனுக்கு இன்றும் எஞ்சியுள்ள ஒரே பதிவு.

சயாம் மரண இரயில் பாதையிலும் இதே கதைதான். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு, அவர்களுள் பெருந்தொகையினரான மலாயாத் தமிழர்க்கு, பெயர்ப்பட்டியல் இல்லை. சீருடை அணிந்தவனுக்கு எண் இருந்தது. கூலிக்கு அதுவும் இல்லை. ஏடு விட்டுப்போன இடத்தை நம் எழுத்தாளர்களே ஓரளவு நிரப்பினர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' போன்ற நாவல்கள் இல்லையாயின் இன்றைய இளந்தலைமுறைக்கு இம்மரணங்கள் நிகழ்ந்ததே தெரியாமற் போயிருக்கும். ஆயினும் நாவலில் வரும் பெயர் கற்பனைப் பெயர். உண்மைப் பெயரை நாவல் மீட்டுத் தர இயலாது.

பிழைத்து வந்தோரின் மரணம்

போரில் மாண்டோர் ஒருபுறமிருக்க, பிழைத்து வந்து முதுமையில் மறைந்தோரைப் பற்றியும் எண்ண வேண்டும். இந்திய அரசு 1972-ஆம் ஆண்டில் விடுதலை வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொணர்ந்தபோது இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் கருதப்பட்டனர். ஆனால் சிறையிலிருந்ததற்குச் சான்று வேண்டும். எழுத்து இல்லாத படையில் இருந்தவன் எழுத்தை எங்கே தேடுவான்? 1997-இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு அப்படை தொடர்பான 990 கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒப்படைத்தபோது, அவற்றில் தம் பெயரைத் தேடியிருக்க வேண்டிய பலர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர்.

ஜான்சி ராணிப் படையின் துணைத்தலைவியாயிருந்த கோலாலம்பூர் மாதரசி ஜானகி ஆதி நாகப்பன் 2014 மே 9-ஆம் நாள் மறைந்தார். அவர் மேலவை உறுப்பினராயிருந்தவர். இந்தியாவின் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆகவே ஏடுகள் அவர் மறைவை எழுதின. அவரோடு வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள் மறைந்தபோது அவர்கள் குடும்பத்தார் பதிவகத்தில் கொடுத்தது பெயரும் அடையாள அட்டை எண்ணும் மட்டுமே. இறப்புச் சான்றிதழ் ஒருவர் இறந்தார் என்பதைச் சொல்லும். அவர் எந்தப் போரில் நின்றார் என்பதைச் சொல்லாது. மலேசிய ஆயுதப்படையில் பணிபுரிந்தவர்களுக்கு இன்று 2012-ஆம் ஆண்டுப் படைவீரர் சட்டமும் அதற்கெனத் தனித் துறையும் உண்டு. குடும்பத்தார் மரணத்தைத் தெரிவித்தால் அது உரிய ஏட்டில் ஏறும். கொடி மறைந்துபோன ஒரு படையின் வீரனுக்கு யாரிடம் தெரிவிப்பது?

பிரிக்பீல்ட்சில் இந்தியப் பண்பாட்டு மையம் 2015 முதல் நேதாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தலைவருக்குப் பெயர்ப்பலகை கிடைத்துவிட்டது. அதே பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளிலிருந்தும், கிள்ளான், பந்திங், காப்பார் தோட்டங்களிலிருந்தும் புறப்பட்டவர்களுக்கு ஒரு பெயரேடு வேண்டாமா? 2023-இல் மரண இரயில் பாதையில் மாண்ட தமிழர்க்காகக் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. கல் நாட்டத் தெரிந்த நமக்கு அதில் பொறிக்கப் பெயர்களைத் திரட்டவும் தெரியவேண்டும்.

நாம் செய்யத் தக்கது

இதற்கு அரசாங்க ஆணை எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். ஒவ்வொரு குடும்பத்திலும் உள்ள முதியோரிடம் ஆறு செய்திகளைக் கேட்டு எழுத வேண்டும். போனவரின் பெயர், தகப்பன் பெயர், புறப்பட்ட தோட்டம், பயிற்சி பெற்ற முகாம், கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எப்போது, அச்செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யார். இறுதிக் கேள்வியே இன்றியமையாதது. கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதிவிடக்கூடாது. தெரியாத நாளைத் தெரியாது என்றே எழுத வேண்டும். பொய்யான தேதியைவிட வெற்றிடம் நேர்மையானது. பின்னொரு நாள் உண்மை கிடைத்தால் வந்து அமர்வதற்கு அதுவே இடமாகும். படைச்சான்று, பதக்கம், நிழற்படத்தின் பின்னெழுத்து ஆகியவற்றைப் படியெடுத்து, எழுதிய ஏட்டின் ஒரு படியை நாட்டின் ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். கோயில் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுத்தாளர் அமைப்புகளும் இதைப் பங்கிட்டுக்கொண்டால் ஓராண்டில் ஒரு மாவட்டத்தை முடிக்கலாம்.

அந்தக் கிள்ளான் மூதாட்டி இன்றில்லை. அவர் மறைந்தபோது தாலியோடும் குங்குமத்தோடுமே எடுத்துச் செல்லப்பட்டார். சுமங்கலி என்றே ஊர் சொன்னது. இறப்புப் பதிவில் அவருடைய நாளும் நேரமும் துல்லியமாக உள்ளன. அவர் கணவரின் பெயரை மட்டும் நான் என் குறிப்பேட்டில், முதற்பக்கத்தில், எழுதி வைத்திருக்கிறேன். தகப்பன் பெயர் உண்டு. தோட்டத்தின் பெயர் உண்டு. மாண்ட நாள் என்ற இடம் காலியாக இருக்கிறது. அடுத்த பக்கங்கள் உங்கள் வீட்டுப் பெயர்களுக்காகக் காத்திருக்கின்றன.